அத்தியாயம் 6: முதல் ஆய்வரங்குக்குப் போகிறீர்கள்

சர்க்கரையோ சோடியமோ மருந்தோ செல் சவ்வைத் தாண்டி எப்படிப் போகிறது, எப்படி வருகிறது என்று நான்கைந்து வருடமாக ஒரே ஒரு புரதத்தைக் கட்டிக்கொண்டு மாரடிப்பவரா நீங்கள்? அப்படியென்றால் இந்த அத்தியாயம் உங்களுக்குத்தான். பிஎச்.டி.யின் பின்பாதியில் இருப்பீர்கள், அல்லது போஸ்ட்-டாக் சேர்ந்து ஓரிரு வருடம் ஆகியிருக்கும். உங்கள் லேபுக்கு வெளியே, உங்கள் புரதத்தின் பெயரைச் சொன்னால் புருவம் உயர்த்தாத ஆட்களை இதுவரை சந்தித்திருக்க மாட்டீர்கள். ஆய்வரங்கில் அப்படிப்பட்டவர்கள் ஒரு அறை நிறைய உட்கார்ந்திருப்பார்கள்.

மாதிரிக்குக் கார்டன் ஆய்வரங்கை எடுத்துக்கொள்கிறேன். அமெரிக்காவின் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்தில் நீல் கார்டன் என்ற வேதியியல் பேராசிரியர் 1931-இல் தொடங்கிய கோடைக் கூட்டங்களே பிற்பாடு கார்டன் மாநாடுகள் ஆயின. 1947-இல் நியூ ஹாம்ப்ஷயரின் ஒரு கல்லூரி வளாகத்துக்கு மாறி, இன்று பல நாடுகளில் நடக்கின்றன. சவ்வுக் கடத்தலுக்கென்றே தனி மாநாடு உண்டு. ஐந்து நாள் மாநாடு ஞாயிறு மாலை தொடங்கும். அதற்கு முன்னால், சனி, ஞாயிறில் மாணவர்களும் போஸ்ட்-டாக்குகளும் கூடுவதுதான் ஆய்வரங்கு. அழைப்பின் பேரில் மூத்தவர்கள் சிலர் வருவார்கள். மற்றபடி பேசுவது, மேடையில் தலைமை வகிப்பது, கேள்வி கேட்பது எல்லாம் உங்கள் வயதுக்காரர்கள். சும்மா உட்கார்ந்து கேட்டுவிட்டு வர முடியாது. பேச்சோ போஸ்டரோ, ஏதாவது ஒன்றோடு போக வேண்டும்.

ஒன்றை மட்டும் மனதில் வைத்துக்கொண்டு மேலே படியுங்கள். அச்சான கட்டுரையை ஒப்பிப்பவரை இந்த அறையில் யாரும் நினைவில் வைத்துக்கொள்வதில்லை. முட்டிக்கொண்டு நிற்கும் சோதனையோடு போங்கள். 1960 ஆகஸ்ட்டில் பிராகில் நடந்த சவ்வுக் கடத்தல் கூட்டத்துக்கு உயிர்வேதியியலாளர் ராபர்ட் கிரேன் போனதும் முடிந்த கதையோடு அல்ல. குடல் செல்லுக்குள் குளுக்கோஸ் தனியாகப் போவதில்லை, சோடியத்தின் தோளில் ஏறிப் போகிறது என்று ஒரு படத்தை வரைந்து காட்டினார். புரதம் கையில் இல்லை. அதன் மரபணுவைப் பிரித்தெடுக்க 1987 வரை ஆயிற்று. ஆனால் இன்று மருந்துக்கடையில் வாங்கும் ஓஆர்எஸ் பொட்டலம் வேலை செய்வது அந்தப் படத்தில் இருந்த காரணத்தால்தான். லிட்டருக்கு 75 மில்லிமோல் சோடியம், 75 மில்லிமோல் குளுக்கோஸ் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் 2002-ஆம் ஆண்டுக் கலவை.

விண்ணப்பத்துக்கு முன்: வரிசை மாறக் கூடாது

1. கைடிடம் பேசுங்கள். எந்தத் தரவைக் காட்டலாம், எதைக் காட்டக் கூடாது என்று ஸ்லைடு வாரியாகக் கேளுங்கள். வாய்வார்த்தை போதாது, மின்னஞ்சலில் ஒரு வரி இருக்கட்டும்.
2. கூட்டாளி லேபுகளின் தரவு இருந்தால் அவர்களிடமும் கேளுங்கள். இது மறக்கப்படும் படி. கட்டமைப்பை வேறொரு லேப் எடுத்துக் கொடுத்திருக்கும். அந்தப் படம் உங்கள் ஸ்லைடில் வருவது அவர்களுக்குத் தெரியாது.
3. காப்புரிமை வாய்ப்பு இருந்தால், அதற்கான மனுவைப் போட்ட பிறகே பேசுங்கள். அமெரிக்காவில் வெளியிட்ட பின்னும் ஓராண்டு அவகாசம் உண்டு; ஐரோப்பாவில் அப்படி ஒன்று கிடையாது.
4. பிறகுதான் விண்ணப்பம். பேச்சாளர்களைச் சுருக்கவுரையைப் பார்த்துத்தான் தேர்வு செய்கிறார்கள். பேச்சுக்கான கடைசி நாள், கூட்டத்துக்கான கடைசி நாளைவிடப் பல வாரம் முன்னால் வந்துவிடும். இரண்டையும் ஒன்றாக நினைத்துக்கொண்டு ஏமாந்தவர்கள் நிறைய.
5. ஏற்புக் கடிதம் வந்த அன்றே விசா வேலையைத் தொடங்குங்கள். சென்னை அமெரிக்கத் துணைத் தூதரகத்தில் நேர்காணல் தேதி மாதக்கணக்கில் தள்ளிப்போவது உண்டு. சவ்வுப் புரதம், நச்சுப்பொருள், கதிரியக்கம் என்று விண்ணப்பத்தில் எழுதினால் கூடுதல் விசாரணைக்குப் போகலாம். பொய் சொல்ல வேண்டாம். உங்கள் ஆய்வைப் பக்கத்து வீட்டுக்காரருக்குப் புரியும் மொழியில் இரண்டு பத்தியாக எழுதி, கைடின் கையெழுத்தோடு கையில் வைத்திருங்கள்.
6. பயணச் செலவுக்கு மத்திய அரசின் அறிவியல் துறைகள் தரும் உதவித் திட்டங்களுக்கும், கூட்டத்தை நடத்துபவர்கள் தரும் கட்டணச் சலுகைக்கும் தனித்தனியாக விண்ணப்பியுங்கள். ஒன்று கிடைத்தால் மற்றது கிடைக்காது என்று நீங்களாக முடிவு செய்ய வேண்டாம்.

சுருக்கவுரை

சட்டியில் இருந்தால்தான் அகப்பையில் வரும் என்பார்கள். சுருக்கவுரையில் இது தலைகீழ். சட்டி நிறைய இருக்கும், அகப்பையில் ஒன்றும் வராது. "உயிர்வாழ்வுக்குச் சவ்வுக் கடத்தல் மிக முக்கியம்" என்று தொடங்கும் சுருக்கவுரை பத்தில் ஏழு இருக்கும். தேர்வு செய்பவரும் இதே துறையில் போஸ்ட்-டாக். அது முக்கியம் என்று அவருக்குத் தெரியும்; அதை நம்பித்தான் அவருக்கும் சம்பளம்.

முதல் வரியிலேயே புதிரை வையுங்கள். இப்படி: "லிப்போசோமில் வைத்த எங்கள் புரதம், சோடியமே இல்லாதபோதும் சப்ஸ்ட்ரேட்டைக் கடத்துகிறது. இது சவ்வின் கசிவா, புரதத்தில் இணைப்பு தளர்ந்ததா என்று பிரித்தறிய மூன்று கன்ட்ரோல் செய்தோம். மூன்றாவது ஒத்துவரவில்லை." இதைப் படித்த யாருக்கும் அந்த மூன்றாவது கன்ட்ரோல் என்ன என்று கேட்கத் தோன்றும். அவ்வளவுதான் வேண்டியது.

பேச்சு: பதினைந்து நிமிடத்தில் பதினொன்று உங்களுடையது

நிகழ்ச்சி நிரலில் பதினைந்து நிமிடம் போட்டிருந்தால் கேள்விக்கும் சேர்த்துத்தான். பதினொரு நிமிடத்துக்குத் தயார் செய்யுங்கள். கீழே உள்ள வரிசையைப் பலரிடம் சோதித்துப் பார்த்திருக்கிறேன்.

1. கேள்வி. ஒரே ஸ்லைடு. புரதம் சவ்வின் இரு பக்கமும் மாறி மாறித் திறக்கிறது என்ற கருத்தை ஜார்டெட்ஸ்கி 1966-இல் எழுதினார். அந்தப் படத்தைத் திரும்ப வரைந்து மூன்று நிமிடம் விளக்குபவர்கள் உண்டு. அறையில் எல்லாரும் அதைத் தம் ஆய்வேட்டின் முதல் அத்தியாயத்தில் வரைந்தவர்கள். விடுங்கள்.
2. எதை வைத்து அளந்தீர்கள் என்பது. முழு செல்லா, சவ்வுத் துண்டுகளா, லிப்போசோமா? கையால் வரைந்த படம் போதும்.
3. கச்சாத் தரவு. பட்டை வரைபடத்துக்கு முன்னால், நேரத்தோடு உயரும் கோட்டைக் காட்டுங்கள். முதல் 5, 10, 20 நொடிகளில் கோடு நேராக ஏறுகிறதா என்று எல்லாரும் அதைத்தான் பார்ப்பார்கள். பத்தாவது நிமிடத்தில் மட்டும் எடுத்த ஒரு புள்ளியை "கடத்தும் வேகம்" என்று சொல்லாதீர்கள். அப்போது கோடு படுத்திருக்கும். நீங்கள் அளப்பது வேகத்தை அல்ல, லிப்போசோமின் கொள்ளளவை.
4. கன்ட்ரோல். தனி ஸ்லைடு. ஓரமாகச் சாம்பல் நிறத்தில் ஒளித்துவைக்க வேண்டாம்.
5. முட்டி நிற்கும் இடம். இங்கே இரண்டு நிமிடம் எடுத்துக்கொள்ளலாம்.
6. வேண்டுகோள். "இந்த லிப்பிட்டை யாராவது பயன்படுத்திப் பார்த்திருக்கிறீர்களா?" என்று நேரடியாகக் கேளுங்கள். கடைசி ஸ்லைடு நன்றி ஸ்லைடாக இருக்க வேண்டியதில்லை. கேள்வி நேரம் முழுக்கத் திரையில் நிற்கப்போவது கடைசி ஸ்லைடுதான். அது ஐந்தாவது படியின் படமாக இருக்கட்டும்.

குறிப்பு: ஒவ்வொரு படத்திலும் சவ்வின் மேலே "வெளி", கீழே "உள்" என்று எழுதுங்கள். சிறுபிள்ளைத்தனமாகத் தோன்றும். என் முதல் பேச்சில் நான் எழுதவில்லை. முதல் கேள்வியே "எது உள்ளே?" என்பதுதான். லிப்போசோமில் வைக்கும்போது புரதம் இரண்டு பக்கமாகவும் செருகிக்கொள்ளலாம். செல்லில் வெளிப்பக்கம் பார்த்தது இங்கே உள்பக்கம் பார்க்கலாம். எத்தனை சதவீதம் எந்தப் பக்கம் என்று நான் அளந்திருக்கவில்லை. அடுத்த நான்கு நிமிடம் நான் சொன்னது எதுவும் எனக்கே நினைவில்லை.

கட்டாயம் வரும் நான்கு கேள்விகள்

இதற்குத்தான் அதிக நேரம் செலவிட வேண்டும். ஸ்லைடின் நிறத்தை யாரும் நினைவில் வைக்க மாட்டார்கள்.

*எந்த டிடர்ஜென்ட்?* சவ்விலிருந்து புரதத்தைப் பிரித்தெடுக்கும் சோப்புதான் பல சண்டைகளுக்குக் காரணம். லியூ-டி என்ற பாக்டீரியப் புரதத்தில் சப்ஸ்ட்ரேட் பிடிக்கும் இடம் ஒன்றா இரண்டா என்று 2008 முதல் வருடக்கணக்கில் வாதம் நடந்தது. இரண்டாவது இடத்தில் டிடர்ஜென்டே போய் உட்கார்ந்துகொள்கிறதா என்பது அந்த வாதத்தின் மையத்தில் இருந்தது. ஆகவே டிடர்ஜென்டின் பெயர், செறிவு, அதை எப்படி நீக்கினீர்கள் என்ற மூன்றும் நாக்கு நுனியில் இருக்கட்டும்.

*வெறும் லிப்போசோமில் என்ன வந்தது?* புரதம் இல்லாத லிப்போசோமையும் அதே நாளில், அதே லிப்பிட்டில், அதே ஃபில்டரில் செய்திருக்க வேண்டும். "போன மாதம் செய்தோம்" என்ற பதிலுக்கு மதிப்பில்லை.

*மின்னழுத்தம் எவ்வளவு?* இங்கேதான் நல்லவர்களும் வழுக்கி விழுகிறார்கள். வாலினோமைசின் சேர்த்துப் பொட்டாசியத்தை மட்டும் கசிய விட்டால், பத்து மடங்கு செறிவு வேறுபாட்டுக்கு 25 டிகிரியில் சுமார் 59 மில்லிவோல்ட் கிடைக்கும். நூறு மடங்குக்கு 118. உள்ளே 100 மில்லிமோல், வெளியே 1 மில்லிமோல் பொட்டாசியம் என்று கணக்குப் போட்டு ஸ்லைடில் 118 என்று எழுதுவீர்கள். வெளிக் கரைசலின் பிஎச்-ஐ எதை ஊற்றிச் சரிசெய்தீர்கள்? லேப் அலமாரியில் கைக்கெட்டியது பொட்டாசியம் ஹைட்ராக்சைடு. அதிலிருந்து 9 மில்லிமோல் வந்துவிட்டால் வெளியே இப்போது 10. உங்கள் 118 பாதியாகிவிட்டது. மூன்று மாதச் சோதனை, ஒரு பாட்டிலால் போயிற்று. கிளம்பும் முன் நோட்டுப் புத்தகத்தில் அந்தப் பக்கத்தைத் தேடிப் பிடித்துப் பாருங்கள்.

*இந்த ஸ்கிரிப்ட் யாருடையது?* தரவை அலசிய நிரலைப் பற்றிய கேள்வி. முன்பெல்லாம் இதை யாரும் கேட்டதில்லை, இப்போது கேட்கிறார்கள். 2006-07-இல் எம்எஸ்பிஏ என்ற கடத்துப் புரதத்தின் கட்டமைப்பு உட்பட ஐந்து கட்டுரைகள் திரும்பப் பெறப்பட்டன. கைமாறி வந்த ஒரு நிரல் இரண்டு நெடுவரிசைகளை இடம் மாற்றியிருந்தது. அதனால் கட்டமைப்பு கண்ணாடி பிம்பம்போலத் திரும்பிவிட்டது. சுவிட்சர்லாந்துக் குழு ஒன்று அதே குடும்பத்தைச் சேர்ந்த இன்னொரு புரதத்தின் கட்டமைப்பை வெளியிட்ட பிறகுதான் தவறு தெரிந்தது. சீனியர் விட்டுப்போன ஸ்கிரிப்டை விடை தெரிந்த பழைய தரவில் ஒருமுறை ஓட்டிப் பார்த்துவிட்டுப் போங்கள்.

பதில் தெரியாத கேள்விக்கு, "தெரியாது, ஆனால் இந்தச் சோதனையால் தெரியவரும்" என்று சொல்லுங்கள். வெறும் "தெரியாது" என்பதும் கௌரவமான பதில்தான். "அது இந்த ஆய்வின் எல்லைக்கு வெளியே" என்பது மட்டும் வேண்டாம். கேட்டவர் அதற்குப் பிறகு உங்களிடம் வர மாட்டார்.

போஸ்டர்: பிளெக்ஸ் கடையில் கவனம்

அளவை அறிவிப்பில் பாருங்கள். நம் ஊர் வழக்கத்தை நம்ப வேண்டாம். பலகை அகலமா உயரமா என்பதை மூன்று முறை படியுங்கள்.

என் போஸ்டரைப் பக்கத்துப் பிளெக்ஸ் கடையில் கொடுத்தேன். கல்யாண பேனர்களுக்கு நடுவே அரை மணி நேரத்தில் அடித்துக் கொடுத்தார்கள். நிறம் பளிச்சென்று இருந்தது. விமானம் ஏறி, இறங்கி, பலகையில் மாட்டிய பிறகுதான் பார்த்தேன்: மைக்ரோவைக் குறிக்கும் கிரேக்க எழுத்து வந்த இடமெல்லாம் "எம்" என்ற ஆங்கில எழுத்தாக மாறியிருந்தது. கடையின் கணினியில் அந்த எழுத்துரு இல்லை. 40 மைக்ரோமோலார் என்று நான் அளந்தது 40 மில்லிமோலார் ஆகிவிட்டது. ஆயிரம் மடங்கு. வந்தவர்கள் எல்லாரும் மரியாதையாகத் தலையை ஆட்டிவிட்டு நகர்ந்தார்கள். கடைசியில் ஒரு பெண் தன் பையிலிருந்து பேனாவை எடுத்து நீட்டினாள். பதினோரு இடத்தில் கையால் திருத்தினேன்.

எனவே:

1. பிடிஎஃப் ஆக்கும்போது எழுத்துருக்களை உள்ளடக்கி, அல்லது எழுத்துகளைக் கோடுகளாக மாற்றிச் சேமியுங்கள்.
2. கடைத் திரையில் நீங்களே நின்று, மைக்ரோ, டெல்டா, டிகிரி, கழித்தல் குறி நான்கையும் தேடிப் பாருங்கள்.
3. பிளெக்ஸ் வேண்டாம், துணியில் அச்சிடுங்கள். மடித்துக் கைப்பையில் வைக்கலாம். குழாயை விமானத்தில் தொலைக்கும் பயம் இல்லை. இரவில் தொங்கவிட்டால் சுருக்கம் பெரும்பாலும் போய்விடும்.
4. வலது கீழ் மூலையில் ஒரு கட்டம் காலியாக விடுங்கள். தலைப்பு: "இது ஏன் என்று தெரியவில்லை". அங்கே உங்கள் விளங்காத தரவை ஒட்டுங்கள். கூட்டம் அந்த மூலையில்தான் நிற்கும்.

பாதுகாப்பு

சாம்பிள் எதையும் கையோடு கொண்டு போகாதீர்கள். "ஒரு துளி பிளாஸ்மிட்தானே, நேரில் கொடுத்துவிடலாம்" என்று தோன்றும். சுங்கத்தில் மாட்டினால் உங்கள் நிறுவனமும் மாட்டும். இரண்டு நிறுவனங்களும் பொருள் பரிமாற்ற ஒப்பந்தம் போட்டு, முறையாகக் கூரியரில் அனுப்பட்டும். வாலினோமைசின், ஊவாபெய்ன் போன்றவை சிறு அளவிலேயே உயிரைப் பறிக்கக்கூடியவை; அவற்றின் கரைசல் பயணப் பைக்குள் போகவே கூடாது.

அடுத்தவர் தரவும் பாதுகாப்பில் சேரும். கார்டன் கூட்டங்களில் படம் எடுப்பது, பதிவு செய்வது, சமூக ஊடகத்தில் போடுவது, பேசியவரைக் கேட்காமல் மேற்கோள் காட்டுவது எல்லாமே தடை. போஸ்டருக்கும் இதே விதி. கைபேசியைப் பையில் வைத்துவிட்டு நோட்டில் எழுதுங்கள். லேப் வாட்ஸ்அப் குழுவில் "இன்று இப்படி ஒன்று பார்த்தேன்" என்று போடுவதும் கசிவுதான்.

மடிக்கணினியைத் தவிர யூஎஸ்பியிலும் பேச்சு இருக்கட்டும். அசைவுப் படங்கள் வேறு கணினியில் ஓடாது என்றே வைத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொன்றுக்கும் நிலைப்படம் ஒன்று தயாராக இருக்கட்டும்.

யாராவது அத்துமீறி நடந்தால், அது எவ்வளவு பெரிய பெயராக இருந்தாலும், கூட்டத் தலைவர்களிடமோ நடத்தும் அமைப்பிடமோ சொல்லுங்கள். நடத்தை விதிகளும் புகார் வழியும் பதிவுத் தாள்களிலேயே இருக்கும். கிளம்பும் முன்பே படித்துவிடுங்கள். அறையை வேறொருவரோடு பகிர வேண்டி வரலாம். விருப்பமில்லை என்றால் பதிவு செய்யும்போதே கேளுங்கள்.

அந்த இரண்டு நாள்

முதல் அமர்விலேயே ஒரு கேள்வி கேட்டுவிடுங்கள். தள்ளிப்போடப் போட தொண்டை அடைக்கும். நம் ஊர்க்காரர்களோடு மட்டும் சாப்பிட உட்காரும் பழக்கம் எல்லாருக்கும் உண்டு, எனக்கும் உண்டு; ஒரு வேளையாவது தெரியாத மேசையில் உட்காருங்கள். மெஸ் சாப்பாட்டைப் பற்றி எதிர்பார்ப்பு வேண்டாம், ஊறுகாய் பாக்கெட் ஒன்று பையில் இருக்கட்டும்.

மூத்தவர்களின் வேலை அனுபவம் பற்றிய அமர்வு பெரும்பாலும் இருக்கும். அங்கே "எப்படி வெற்றி பெற்றீர்கள்" என்று கேட்டால் நீண்ட, பயனற்ற பதில் வரும். "உங்கள் லேபில் கடைசியாகச் சேர்த்த போஸ்ட்-டாக்கை ஏன் சேர்த்தீர்கள்" என்று கேளுங்கள்.

ஒவ்வொரு இரவும் பதினைந்து நிமிடம் ஒதுக்கி எழுதுங்கள்: யார், என்ன சொன்னார், எந்தச் சோதனையைச் செய்யச் சொன்னார். பெயர் மறந்தால் அவருடைய புரதத்தின் பெயரையாவது எழுதுங்கள். இந்தத் துறையில் அதுவே போதுமான முகவரி.

திரும்பிய பிறகு

ஒரு வாரத்துக்குள், சொன்னவர்களுக்கு நான்கு வரி மின்னஞ்சல். நன்றி ஒரு வரி, அவர் சொன்ன யோசனை ஒரு வரி, அதை எப்போது செய்யப்போகிறீர்கள் என்பது ஒரு வரி, உங்கள் பெயர் ஒரு வரி. பிறகு உண்மையிலேயே அந்தச் சோதனையைச் செய்து, முடிவு சரியில்லை என்றாலும் எழுதுங்கள். பதில் வராவிட்டால் கவலைப்பட வேண்டாம். மாதங்கள் கழித்தும் வருவதுண்டு.

ஒரு விஷயம் விட்டுப்போயிற்று. அடுத்த ஆய்வரங்கின் தலைவர்களை, வந்திருப்பவர்களே வாக்களித்துத் தேர்ந்தெடுக்கிறார்கள். ஞாயிறு மதியம் பலர் பெட்டியைக் கட்டப் போய்விடுவார்கள். நீங்கள் அறையிலேயே இருங்கள். பெயர் கொடுங்கள்.